மேல்வரிசையில் முதல் பல்

எங்கள் குடும்பத்தில் ஆஸ்பத்திரி விவரம் தெரிந்த ஒரே ஆள் மாமா. அம்மாவின் தம்பி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பாய். ஞாயிறுதோறும் ரயிலில் ஆரம்பாக்கம் வந்து இறங்குவார். யாருக்குத் தலைவலி என்றாலும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். அப்படிப்பட்டவரைத்தான் மிகுந்த கவனத்தோடு வாசலிலேயே நிறுத்தி வைத்தோம்.

காரணம் என் தங்கை. ஐந்து மாதக் குழந்தை. அவள் மேல் ஈறில் கருநீலமாக ஏதோ தடித்திருந்தது. பல் என்று முடிவு செய்தோம். மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமன் உயிருக்கு ஆகாது. பரிகாரம் முடியும்வரை அவர் குழந்தையின் முகத்தைப் பார்க்கக் கூடாது. மாமாவின் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு ஏறியது. வாசலில் நின்றே மருமகள் சுகமா என்று விசாரித்துவிட்டுப் போவார். பயம் அவருக்கும் இருந்தது.

எனக்கு ஏழு வயது. வாராவாரம் பிஸ்கட் பொட்டலம் கொண்டுவருபவர் என்பதால் என் வேண்டுதல் மொத்தத்தையும் மாமாவுக்கே ஒதுக்கினேன். தங்கைக்கு என்ன, பல்தானே.

பல் வரவில்லை. வீக்கம் வளர்ந்து மேலுதட்டைத் தூக்கியது. பரிகாரத்துக்கு எங்கள் அப்பா, நைனா, குறித்த நாள், நெல் அறுப்பு என்று ஒருமுறை, பங்காளி வீட்டுச் சாவு என்று மறுமுறை தள்ளிப்போனது. ஆறாவது ஞாயிறு, பால் குடிக்க முடியாமல் அவள் அழுதது அழுகை மாதிரியே இல்லை. மாமா செருப்போடு உள்ளே வந்தார். அம்மா முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள்.

"பாக்காதடா. உனக்கு ஆவாது."

"எனக்கு ஆவறது கெடக்கட்டும், துணிய எடுக்கா." விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "இது பல்லு இல்லக்கா. இத்தினி நாளு இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

அடுத்த ரயிலில் மூவரும் போனார்கள். நான்காம் நாள் இருவர் திரும்பினார்கள்.

ஆளைக் கொல்கிற கட்டி இல்லையாம். அபூர்வமாகக் கைக்குழந்தைகளுக்கு வருவதாம். முன்பே காட்டியிருந்தால் வெட்டி எடுத்து அனுப்பியிருப்பார்களாம். கத்தி வைக்க உடம்பில் தெம்பு இல்லை. அதற்குள் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மாமா இதையெல்லாம் சுவரைப் பார்த்து நைனாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, மணிக்கட்டுக் கயிற்றைக் கடித்து அறுத்து வாசலில் எறிந்தார்.

ஓடிப்போய்ப் பொறுக்கியது நான்தான். மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மண்ணைத் தட்டி, அவர் கையைப் பிடித்து மறுபடி கட்டப் பார்த்தேன். முடிச்சு விழவே இல்லை.

"கைய ஆட்டாத மாமா" என்று அதட்டினேன். அந்தக் கை ஏன் ஆடுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.