ஆமோஸ் கிரிக்கின் மருமகள்

கிளெண்டா டாப்செல்லுக்குக் கோபம் மூக்கு நுனியில். அவள் இங்கிலாந்தில் சாட்டம் என்ற ஊரில் பஸ் ஓட்டிய காலத்தில் அவள் வாயில் விழாத சைக்கிள்காரன் கிடையாது. ஓய்வு பெற்றதும் மற்ற பெண்கள் ரோஜாச் செடி வைத்தார்கள். இவள் ஒரு கொலையைப் பிடித்துக்கொண்டாள்.

கொலை பழசு. விக்டோரியா ராணி காலத்தில், பட்டாளக் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சந்தில் நடந்தது. ஹன்னா என்பவளை அவளுடைய இரண்டாவது புருஷன், ஆமோஸ் கிரிக் என்ற சிப்பாய், அடித்தே கொன்றான். குடித்துவிட்டு வந்தவனுக்கு ஆட்டுக்கறி ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான். முதலில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, பித்தளைக் கொக்கி முகத்தில் படும்படி வீசினான். ஒரு கண் போயிற்று. விழுந்தவளைப் பூட்ஸ் காலால் மிதித்தான். பிறகு கணப்பைக் கிளறும் இரும்புக் கம்பியை எடுத்து, அவள் அசைவது நிற்கும்வரை அடித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் நாங்கள் எதற்கு என்று கோர்ட்டிலும் கூசாமல் சொன்னார்கள். ஆமோஸைத் தூக்கில் போட்டார்கள். ஹன்னாவை ஏழைகளின் பொதுக் குழியில் போட்டு மூடினார்கள். பெயர்கூட இல்லை.

பழைய செய்தித்தாளில் இதைப் படித்த கிளெண்டாவால் தாளைக் கீழே வைக்க முடியவில்லை. அவளுக்கும் ஒரு புருஷன் இருந்தான். டெரெக், கப்பல் தளத்தில் வெல்டர். கல்யாணமான முதல் வருடமே அவள் தாடையை உடைத்தான். அடுத்த வருடம் சமையலறைத் தரையில் தள்ளி வயிற்றில் உதைத்தான். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அதோடு அவளுக்குப் பிள்ளை பாக்கியம் போயிற்று. பார்க்க வந்த மாமியார் ஆலிவ், "நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா அவன் எதுக்கும்மா கை வைக்கப்போறான்" என்றாள். பிறகு ஒருநாள் வாணலியால் அவன் முன்பற்களை இறக்கிவிட்டு கிளெண்டா வீட்டை விட்டு வெளியேறினாள். போய் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ஹன்னாவுக்கு ஒரு கல் நட வேண்டும், அதில் அவள் பெயர் இருக்க வேண்டும். கிளெண்டா கேட்டது இதைத்தான். அந்தக் கல்லறைத் தோட்டத்துப் பாதிரியார் முடியாது என்று சொல்லாமல் பூசி மெழுகினார்.

"குடும்பத்துல யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடணும், மிஸஸ் டாப்செல்."

"இத்தனை காலமா எட்டிப் பாக்காத குடும்பமா? சரி, தோண்டி எடுக்கிறேன். ஆனா மிஸஸ்னு கூப்பிடாதீங்க. அதைக் கழட்டி எறிஞ்சாச்சு."

ராணுவக் காகிதங்களில் தோண்டினாள். ஹன்னாவின் முதல் புருஷனும் அதே படைப்பிரிவுச் சிப்பாய்தான். லக்னோவில் காலராவில் செத்தான். அந்தக் காலத்துப் பட்டாளத்தில் விதவைக்குக் கொஞ்ச நாள்தான் சோறு. அது நிற்பதற்குள் இன்னொரு சிப்பாயைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தெரு. ஹன்னா ஆமோஸைக் கட்டிக்கொண்டது அப்படித்தான். பிள்ளைகள் இருந்ததாகத் தெரியவில்லை. கொலைக்கு ஆறு வருடம் முன்பு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அந்த வீட்டில் மூன்று பேர்: ஆமோஸ், ஹன்னா, ஆமோஸின் மருமகள் ('டாட்டர்-இன்-லா') கெசியா, வயது ஆறு. வழக்குச் செய்தியிலும் 'கைதியின் மருமகள்' சாட்சி சொன்னாள் என்றுதான் இருந்தது. கொலைகாரன் மகனைக் கட்டியவள் நமக்கு எதற்கு என்று கிளெண்டா அவளைத் தள்ளிவிட்டு, வேறு எங்கெங்கோ அலைந்தாள். வருடங்கள் வீணாயின.

வம்சாவளி தேடுகிறவர்கள் சங்கத்தில் நார்மன் என்ற பழைய சார்ஜென்ட் ஒருவர் உண்டு. ஒருநாள் அவர் அந்தக் கணக்குத் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஆறு வயசுல மருமகளா? யாரைக் கட்டினா, தொட்டில்ல கெடந்தவனையா?"

"பதினாறுன்னு எழுத வந்திருப்பான். எழுதினவன் குடிச்சிருப்பான்."

"அவன் நிதானமாத்தான் இருந்திருக்கான், கிளெண்டா. பொண்டாட்டி மொத புருஷனுக்குப் பெத்த பொண்ணையும் அப்பல்லாம் மருமகள்னுதான் எழுதுவாங்க. இது ஹன்னா பெத்த பொண்ணு."

கிளெண்டா சாட்சியத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். 'அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் அவர் காலைக் கடித்தேன். அவர் நிறுத்தவில்லை.' சொன்னது வளர்ந்த பெண் அல்ல, பன்னிரண்டு வயதுக் குழந்தை. இவளைத்தான் இத்தனை நாளும் எதிரியாக ஒதுக்கி வைத்திருந்தாள். நார்மன் முன்னாலேயே வாய்விட்டு அழுதாள்.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. கெசியா கயிறு திரிக்கும் ஒருவனைக் கட்டினாள். அவளுடைய பேரன்கள் முதல் உலகப் போரில் பிரான்ஸில் செத்த தகவல் பட்டாளக் கோப்பில் கிடைத்தது. பேத்தி ஒருத்தி மிஞ்சினாள். அந்தப் பேத்திக்கு ஒரே மகள். பெயர் ஆலிவ்.

கிளெண்டாவின் மாமியார் ஆலிவ்தான்.

ஆலிவ் செத்துப் பல வருடம் ஆயிற்று, அவளுக்கு டெரெக் ஒரே பிள்ளை. ஆக, ஹன்னாவின் ரத்தத்தில் உயிரோடு மிச்சமிருந்த ஒரே ஆள் டெரெக். கிளெண்டா காகிதங்களைக் கொளுத்திவிடலாம் என்று பார்த்தாள். கொளுத்தினால் ஹன்னா பெயரில்லாமலே கிடப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு, டெரெக் இருந்த முதியோர் இல்லத்துக்குப் போனாள்.

மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கைகள் மட்டும் அப்படியே பெரிதாக இருந்தன.

"நான் போயிட்டேனான்னு பாக்க வந்தியா?" என்றான்.

"போகலைன்னு தெரிஞ்சுதான் வந்தேன். கையெழுத்து வேணும்."

விஷயத்தைச் சொன்னாள். பெல்ட், பூட்ஸ், இரும்புக் கம்பி, ஒன்றையும் விடவில்லை. பேனாவை வாங்கியவன் கேட்டான்:

"அவ என்ன பண்ணா?"

"என்னது?"

"சும்மா ஒருத்தன் அடிப்பானா? என்னமோ பண்ணியிருப்பா."

அந்தக் குழாயை அவன் கழுத்தில் சுற்றி இறுக்க வேண்டும்போல் கிளெண்டாவுக்கு இருந்தது. கையைக் கோட்டுப் பைக்குள் அழுத்திக்கொண்டாள்.

"கறி ஆறிப்போயிருந்துச்சு."

"பாத்தியா" என்று சொல்லிவிட்டு டெரெக் கையெழுத்துப் போட்டான்.

படிவத்தில் அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. வேறு வாரிசு உண்டா?

"இல்லன்னு போடு. நமக்குத்தான் பிள்ளையே இல்லையே."

"இருந்துச்சு, டெரெக். அஞ்சு மாசம் இருந்துச்சு."

"நீ மாடிப்படியில விழுந்த."

"அது நான் ஆஸ்பத்திரியில சொன்னது. நீ என்ன பண்ணேன்னு நீ சொல்லு."

அவன் டிவியைப் பார்த்தான். அவள் எழுந்து போய் அதை அணைத்தாள். பேனாவைப் பிடுங்கி, அந்தக் கேள்விக்கு நேராக எழுதினாள்: 'ஒரு குழந்தை. பிறக்கும் முன்பே தகப்பனால் கொல்லப்பட்டது.' எழுதியதை அவன் மடியில் வைத்தாள்.

"இதுக்குக் கீழயும் போடு."

"போடலன்னா?"

"போடலன்னா ஹன்னாவுக்குக் கல் வேணாம். இதை எழுதாம அவளுக்குக் கல் நட்டா, அவ என் மூஞ்சியில காறித் துப்புவா."

டெரெக் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினான்.