ஊறப்போட்ட கோடாலிப் பிடி

இன்று காலை கொல்லைப்பக்கம் போனால், எங்கள் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து புளியங்கட்டை ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். பழைய கோடாலிக்குப் புதுப் பிடி. மழையில் சாய்ந்த முருங்கையை வெட்ட வேண்டுமாம். முருங்கைக்கு எதற்குக் கோடாலி, கையால் முறித்தாலே போதுமே என்று நினைத்தேன். சீவலின் வாசனை மூக்கில் ஏறியதும், கல்யாணமான புதிதில் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாங்கள் போட்ட இட்லிக் கடைக்கு மனசு போய்விட்டது.

கடை என்று சொல்வதே கொஞ்சம் பெருமைதான். நாலு கீற்று, இரண்டு பெஞ்சு, ஒரு விறகடுப்பு. ஈ ஓட்டினோம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஈக்களும் எதிர்க்கடை போண்டாவுக்குத்தான் போயின. "இந்த அமாவாசையும் போணியாவலன்னா, நான் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்டறேன் மே" என்றார் அவர். என்னை அம்மா வீட்டில் விட்டுவிடுவாராம். அப்படிப் போனவர்கள் பொங்கலுக்குப் பொங்கல்தான் முகம் காட்டுவார்கள்.

அமாவாசைக்கு முந்தின நாள், விறகு பிளக்கப் போனவர் உடைந்த பிடியோடு வந்து நின்றார். மறுநாள் சாயங்காலம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் வந்து குவியும். விறகில்லாமல் எதில் அவிப்பது?

கட்டை ஒன்று வாங்கிவந்து சீவினார். அடுத்து நாங்கள் செய்ததை இட்லிக் கடைக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். எதையும் ஊறப்போட்டே பழகிய கைகள் ஆயிற்றே!

"ஊறினா உப்பும், உப்பினா இறுக்கமா நிக்கும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ராத்திரி முழுக்க அண்டாத் தண்ணீரில் கிடந்த கட்டையைக் காலையில் கோடாலியின் துளையில் அடித்து ஏற்றி, அடுப்போரம் சாத்திவைத்தோம். மத்தியானம் ஓங்கினார். இரும்பு தனியாகப் பறந்து சாம்பார்ச் சட்டியைத் தாண்டித் தெருவில் விழுந்தது. வெறும் கட்டையோடு அவர் நின்ற நிலைக்கு, வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"உடு மே. காலைல பெங்களூர் பஸ் இருக்குது" என்று உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ஸு எங்கயும் ஓடிப் போவாது. நீ எந்திரிய்யா முதல்ல!"

சத்தம் போட்டேனே தவிர, எனக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் இருந்தது. கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்புச் சூட்டில் நன்றாகக் காய்ந்து சுருங்கியிருந்தது. இனிமேல் சுருங்க அதில் ஈரமில்லை. இரும்பைத் திரும்ப மாட்டி, தலைகீழாகத் தொங்கப் பிடித்துக்கொண்டேன். பிடியின் அடிமுனையில் அவர் தட்டத் தட்ட, இரும்பு ஏறி, பிடி தடித்திருந்த இடத்தில் இறுகியது. நுனியைப் பிளந்து, காய்ந்த மரச்சில்லு ஒன்றை ஆப்பாக அடித்தோம்.

முதல் வெட்டுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டேன். விறகு பிளக்கிற சத்தம் கேட்டது.

அன்று மாவுச் சட்டியின் அடியைச் சுரண்டித்தான் கடைசி ஈடு ஊற்றினேன். இலை எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இன்னொரு பெஞ்சு போட்டுக்கலாமா மே?"

இப்போது கடையில் காஸ் அடுப்பு. கீற்று போய்த் தளம் வந்துவிட்டது. புகை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கண்ணெரிச்சலை யார் திரும்பக் கேட்பார்கள்? கூடவே இன்னொன்றும் போயிருக்கிறது. உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? அந்த நாட்களில் விழிப்பு வந்ததும், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, அவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்ப்பேன். அந்தப் பழக்கம் எப்போது விட்டுப்போனது என்று எனக்கு ஞாபகமே இல்லை.