பெடலக்காவின் வலது கால்

காலையில் கணவனின் வேலைச் சட்டையைத் துவைப்பது பெடலக்காதான். கிரீஸ் பட்ட இடத்தில் மண்ணெண்ணெய் தேய்த்து ஊறப்போட வேண்டும். ரத்தம் பட்ட இடத்துக்குப் பச்சைத் தண்ணீர். தெரியாமல் சுடுதண்ணீரை ஊற்றிவிட்டால் கறை நூலோடு ஒட்டிக்கொண்டு சட்டை கிழிகிறவரை கூடவே வரும். அன்றைக்கு வலது கைமடிப்பில் இருந்த ரத்தம் அவளுடையது. முந்தின நாள் மேலுதடு கிழிந்து வந்தது. காலரில் இருந்தது அவனுடையது. அவள் நகம் கீறியது. இரண்டையும் ஒரே வாளியில் முக்கினாள். வீங்கிய உதட்டோடு வாயை மூட முடியவில்லை. எச்சில் வழிந்தால் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர் பக்கத்து டயர்க்கடைக்காரர். மெக்கானிக்கான அவள் கணவனின் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர்கள் யாரும் மூன்று மாதம் தாண்டியதில்லை. கோபம் வந்தால் அவன் கையில் எது இருக்கிறதோ அது பறந்து வரும். ஆனால் பிரேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து, எண்ணெயோடு குமிழி வெளியே வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். மிதி, பிடி, விடு. கல்யாணமான இரண்டாம் மாதத்திலிருந்து இருபத்தோரு வருடமாக அவள் கால் கேட்டு வந்த மூன்று சொல் அவை. பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து உட்காருவாள்.

மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது காலைச் சீக்கிரம் எடுத்துவிட்டாள். காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்தான், கதவைத் திறந்தான், கையிலிருந்த ஸ்பானரால் வலது கணுக்காலில் ஒரு போடு போட்டான். பிறகு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டு "மிதி" என்றான். அவள் மிதித்தாள். அதற்கப்புறம் அந்தக் கால் விந்தியது, ஆனால் பெடலில் ஒரு தடவையும் தப்பவில்லை. மகளை வயிற்றில் சுமந்த எட்டாம் மாதத்தில்கூட முதுகுக்குத் தலையணை கொடுத்துக்கொண்டு மிதித்திருக்கிறாள்.

அவளும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவள் இல்லை. அவன் தோளில் கரண்டியால் இழுத்த சூடு இருக்கிறது. இடது காது மடலில் அவள் பல் பதிந்த தடம் இருக்கிறது. வீட்டில் நெளியாத தட்டு இரண்டோ மூன்றோதான்.

"உங்க வீட்டுல பாத்திரம் விழுந்தாத்தான்கா எனக்கு மணி தெரியுது" என்பார் டயர்க்கடைக்காரர்.

"அப்ப கடியாரம் வாங்காதீங்க தம்பி, செலவு மிச்சம்" என்பாள் அவள். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மகளை அவள் கைநீட்டி அடித்தது ஒரே ஒரு முறை. பன்னிரண்டு வயதில் மகள் விளையாட்டுப்போல் ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தாள். அம்மா அடுக்களையிலிருந்து வந்த வேகத்தில், கையிலிருந்த அகப்பை முறிகிறவரை அடித்தாள். "இன்னொரு தடவை இந்தச் சீட்டுல உக்காந்தே, உங்கப்பன் என்ன, நானே உன் காலை ஒடிச்சுப் போட்டுருவேன்." எதற்கு அடித்தாள் என்று சொல்லவில்லை. மகள் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

ஆனால் அவளும் கடைசியில் பட்டறைக்குத்தான் வந்து சேர்ந்தாள், பத்தொன்பது வயதில், கையில் லேப்டாப்போடு. இன்ஜினைக் கம்ப்யூட்டர் வழியாக ஓட்டும் வித்தையை ஒரு வருடம் படித்துவிட்டு வந்திருந்தாள். அப்பனுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. மகள்மீது மட்டும் அவன் கை ஓங்கியதில்லை.

இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது அவனுடைய சொந்த வண்டி. மகளைவிட ஏழு வயது மூத்தது. தெருக்கோடியில் புதிதாக வந்த பெரிய பட்டறைக்காரன் "இதெல்லாம் இரும்புக் கடைக்குப் போற சாமான்" என்று சொல்லிவிட்டானாம். நாலு மாத வேலை. திருப்பத்தில் படகுபோல் சாய்ந்த பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு விறைப்பான ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் போட்டார்கள். முன்சக்கரத்துப் பிரேக் டிரம் போய் டிஸ்க் வந்தது. அதைக் கவ்விப் பிடிக்கப் பெரிய காலிப்பர். கார்புரேட்டர் போய் பெட்ரோலை அளந்து தெளிக்கும் இஞ்செக்ஷன் வந்தது, அதை ஆட்டிவைக்க ஒரு கன்ட்ரோல் பெட்டி. அத்தனை வயரையும் மகளே உட்கார்ந்து இழுத்தாள். விரல் நுனியெல்லாம் சூடுபட்டுக் கொப்புளித்திருந்தது. பாக்கி இருந்தது ஒன்றுதான். அவன் புறவழிச்சாலையில் முழு வேகத்தில் ஓட்ட, மகள் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் இன்ஜினைத் திருத்த வேண்டும்.

காலிப்பர்கள் வந்த அன்றைக்கே பெடலக்கா அதைக் கேட்டாள்.

"அவளும் கூட வரணுமா? நீங்க மட்டும் ஓட்டிப் பாத்தா ஆகாதா?"

"கம்ப்யூட்டரை யாரு பாப்பா, உங்கப்பனா?"

"செத்துப் போன மனுசனை எதுக்கு இழுக்கறீங்க? உங்க வண்டிய ஓட்ட அவரு எந்திரிச்சு வருவாரா?"

காலிப்பர் வந்த இரண்டு பெட்டியும் அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன. முதல் பெட்டி சுவரில் மோதியது. இரண்டாவது அவள் தோளில் விழுந்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு வாரம் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. அட்டை கிழிந்து, இடது வலது என்று எழுதியிருந்த காகிதமெல்லாம் பறந்து, உள்ளே இருந்த இரண்டு காலிப்பரும் தரையில் உருண்டன. அவன் வைதுகொண்டே ஒன்றை எடுத்து ஒரு பக்கமும் மற்றதை எடுத்து மறுபக்கமும் மாட்டினான். மறுபடி பார்க்கவில்லை.

சட்டை துவைத்ததற்கு முந்தின நாள்தான் புது பிரேக்கில் காற்றை எடுத்தார்கள். அவள் மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். அவன் எண்ணெய் பிடித்த பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். எண்ணெய் சுத்தமாக இருந்தது.

"இன்னும் காத்து இருக்குங்க" என்றாள்.

"ஒரு குமிழி வரல. கண்ணு தெரியலையா உனக்கு?"

"பாட்டிலைப் பத்தி எனக்குத் தெரியாது. கால்ல மெத்துனு இருக்கு."

"பெரிய காலிப்பர். பெடல் கொஞ்சம் கீழ போகத்தான் செய்யும்."

"கொஞ்சமா? பாதி போவுது. இதுல புள்ளைய ஏத்தாதீங்க."

"இருபது வருசம் மிதிச்சுட்டா நீ இன்ஜினியரா?"

"மிதிச்சது நான்தானே? நீங்க கீழ தானே படுத்திருந்தீங்க?"

ஸ்பானரோடு சேர்த்துப் புறங்கையால் அறைந்தான். உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது.

சட்டையைக் கொடியில் உதறிப் போடும்போது இன்ஜின் உறுமியது. பெடலக்கா ஈரக்கையோடு பட்டறைக்குள் போனாள். வண்டி வாசலைப் பார்த்து நின்றது. பானெட் திறந்திருந்தது, அவன் ஏதோ ஒரு கிளாம்பை முறுக்கிக்கொண்டிருந்தான். மகள் மடியில் லேப்டாப்போடு முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எறங்குடி" என்றாள். வீங்கிய உதட்டில் அது என்னவோபோல் வந்தது.

"ரெண்டே ரவுண்டும்மா. பத்து நிமிசம்."

"எறங்குன்னு சொல்றேன்ல?"

"காலங்காத்தால ஒப்பாரி வைக்காத. உள்ள போ" என்றான் அவன், நிமிராமல்.

வேலைமேசையில் பெரிய சுத்தியல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் வந்தாள். "தள்ளுங்க" என்றாள். அவன் சுத்தியலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்துவிட்டான். முதல் அடியில் கன்ட்ரோல் பெட்டியின் மூடி பிளந்தது. இரண்டாவதில் உள்ளே இருந்த பச்சைத் தகடு நொறுங்கித் தெறித்தது. இன்ஜின் ஒருமுறை குலுங்கி அடங்கியது. மூன்றாவது அடியைத் தடுக்க அவன் கையை நீட்டினான். பெட்டிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் அவன் விரல்கள் இருந்தன. முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

பிறகு அவன் இடது கையால் அடித்தான். கொண்டையைப் பிடித்து அவள் நெற்றியை வண்டியின் விளிம்பில் மோதினான். ஒருமுறை. மறுமுறை. அவள் கீழே விழுந்ததும் விலாவில் மிதித்தான். டயர்க்கடைக்காரர் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். "விடுங்கண்ணே! செத்துறப் போவுது!" அவர் மூக்கிலும் ஒரு முழங்கை விழுந்தது. அப்போதும் அவர் பிடியை விடவில்லை.

மகள் இறங்கி வந்தாள். நொறுங்கிய பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள்.

"நாலு மாசம்மா! நாலு மாசம்! உனக்கு என்னம்மா தெரியும்?" தரையிலிருந்து எழப் பார்த்த அம்மாவைத் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஓங்கி அறைந்தாள். உதடு மறுபடி பிளந்தது. அறைந்த கையைப் பார்த்துக்கொண்டே அப்படியே நின்றாள்.

பெடலக்கா காறித் துப்பினாள். ஓட்டுகிறவர் சீட்டைக் காட்டினாள்.

"போ. அதுல உக்காரு. மிதிச்சுப் பாரு."

மகள் நகரவில்லை.

"போடி. இன்னிக்கு அடிக்க மாட்டேன்."

மகள் ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள். பெடல் பஞ்சுமூட்டையில் கால் வைத்ததுபோல் பாதிவரை இறங்கியது. மறுபடி மிதித்தாள். இறங்கி, டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தருகே படுத்தாள். எழுந்து அந்தப் பக்கம் போய் அங்கேயும் படுத்தாள். டயர்க்கடைக்காரர் இன்னும் அவனைக் கட்டிப்பிடித்தபடிதான் இருந்தார்.

"நிப்பிள் கீழ இருக்கு" என்றாள் மகள், தரையில் கிடந்தபடியே.

"கீழ இருந்தா என்ன பாப்பா?" என்று டயர்க்கடைக்காரர் கேட்டார்.

"காத்து மேல ஏறி நிக்கும். நிப்பிள் மேல இருந்தாத்தான் வெளிய வரும். இது பக்கம் மாத்தி மாட்டியிருக்கு. ரெண்டும். எத்தனை நாள் மிதிச்சாலும் எண்ணெய்தான் வரும், காத்து அப்படியே இருக்கும்." டார்ச்சை அணைத்தாள். "பைபாஸ் மலைப்பாலத்து இறக்கத்துல ரெண்டு தடவை பிரேக் பிடிச்சிருந்தா, மூணாவது தடவை பெடல் தரையோட போயிருக்கும்."

கிழிந்த இரண்டு அட்டைப்பெட்டியும் மூலையில் கிடந்தன. அவன் அதைப் பார்த்தான். டயர்க்கடைக்காரர் கைகளைத் தளர்த்தினார். அவன் அடிக்க வரவில்லை. விரல்களை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

கட்டுப் போடும் கம்பவுண்டரை டயர்க்கடைக்காரர்தான் கூட்டி வந்தார். கம்பவுண்டர் அவனுடைய இரண்டு விரலுக்குக் குச்சி வைத்துக் கட்டினார். பெடலக்காவின் நெற்றியில் ஐந்து தையல் போட்டார். விலாவுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, மூச்சு விடும்போது வலிக்கும் என்றார். "எப்படி ஆச்சு?" என்று அவர் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வருவது அவருக்கு முதல் தடவை இல்லை.

அவர் போன பிறகு அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மகள் வாசற்படியில் நின்று, சுவரைப் பார்த்தபடி, உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பெடலக்கா அவன் சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கட்டுப்போட்ட கையில் சட்டையின் கை மாட்டியது. மெதுவாகச் சுருட்டி இழுத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். சட்டை அவள் கைக்கு வந்தது. எங்கெங்கே ரத்தம் பட்டிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"அவ்வளவு தெரிஞ்சவ, வாயைத் தொறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

மகள் திரும்பி அம்மாவின் வாயைப் பார்த்தாள். உதடு மூக்கைத் தொடுகிற அளவுக்கு வீங்கியிருந்தது.

பெடலக்கா சட்டையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள். வலது கால் விந்தி நடக்க, மகளைத் தாண்டி, பச்சைத் தண்ணீர் வாளி இருந்த பக்கம் போனாள்.