ஸ்பானருக்கு வருஷ வாடகை

நான் லிஃப்ட் மெக்கானிக். என் பெட்டியில இருக்கிற ஸ்பானர் எல்லாம் ஒரே ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினது. பதினெட்டு வருஷமாச்சு, ஒண்ணாவது "என் கெடு முடியப்போகுது, புதுப்பிச்சுக்கோ"ன்னு என்கிட்ட கேட்டதில்லை. எங்க வீட்டம்மாவோட கருவி அப்படி இல்லை. அவ கம்ப்யூட்டர்ல ப்ரோகிராம் எழுதுறவ. எழுதுறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்கா, அதுக்கு வருஷ சந்தா. கெடுவுக்கு ஒரு மாசம் முன்னாடியே மெயில் வர ஆரம்பிச்சுடும். முதல்ல அன்பா வரும், அப்புறம் அவசரமா, கடைசியில மிரட்டலா.

"ஸ்பானருக்கு வாடகை கட்டுற ஒரே ஆள் நீதான்"னு நான் வருஷா வருஷம் சொல்லுவேன்.

"உங்க ஸ்பானர் தப்பாத் திருகினா சிவப்புக் கோடு போடுமா?"ன்னு அவ வருஷா வருஷம் கேட்பா.

அந்தக் கருவி என்ன செய்யும்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஒரு வரி தப்பா எழுதினா அடியில சிவப்புக் கோடு போடும். பாதி எழுதினா மீதியை எடுத்துக் கொடுக்கும். எல்லாத்துக்கும் மேல, ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோகிராமை நடுவுல அப்படியே நிறுத்தி வெச்சு, உள்ளே என்ன நடக்குதுன்னு எட்டிப் பார்க்க விடும். அந்த நிறுத்திப் பார்க்கிற வசதிக்காகத்தான் அவ சந்தா கட்டுறதே.

ஆனா கண்ணை மூடிக்கிட்டுக் கட்ட மாட்டா. கெடுவுக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்தக் கருவியை மூடி வெச்சுட்டு, கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து மட்டும் தெரியற வெறும் எடிட்டர்ல ஒரு நாள் பூரா வேலை செய்வா. காலையில எட்டு மணியிலிருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் தாக்குப்பிடிச்சா, அந்த வருஷம் சந்தா கிடையாது. எங்க வீட்டுல அதுக்குப் பேரு பத்தியநாள். ஆறு வருஷத்துல ஒரு தடவை கூட அவ மதியச் சாப்பாட்டைத் தாண்டினதில்லை. ஒரு வருஷம் ஒன்பதேகாலுக்கே "இது மனுஷங்க செய்யற வேலையா"ன்னு எழுந்து வந்து கார்டை எடுத்துட்டுப் போனா. நான் சிரிச்சேன். அன்னைக்கு எனக்குக் காபி கிடைக்கலை.

அவ காலேஜுக்குப் போய் இதைப் படிச்சவ இல்லை. முப்பத்திரண்டு வயசு வரைக்கும் ஒரு பல் டாக்டர்கிட்ட டோக்கன் கொடுக்கிற வேலை. யார் எத்தனை மணிக்கு வரணும்னு நோட்டுல எழுதி, அடிச்சு, திரும்ப எழுதி, வெறுத்துப்போய் ஒரு நாள் நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தா. "நாலு நாள்ல திருப்பிக் கொடுத்துடுவ"ன்னு சொன்னேன். என் வாய்க்கு எப்பவுமே அவசரம். எட்டே மாசத்துல டாக்டரோட நோட்டு குப்பைக்குப் போச்சு, அவ எழுதின ப்ரோகிராம் அந்த மேஜையில உட்கார்ந்துடுச்சு. அப்புறம் ஒரு செருப்புக் கடை, ஒரு டிரைவிங் ஸ்கூல், ஒரு நாய் டாக்டர், ஒரு சலவைக் கூடம். எங்க வீட்டுல ஜன்னலோரம் துணி மடிச்சுப் போடுற மேஜைதான் அவ ஆபீஸ். அன்னையிலிருந்து துணி எல்லாம் கட்டில்லதான் கிடக்குது.

இந்த ரெண்டு வருஷத்துல நாலு வாடிக்கை போயிடுச்சு. யாரும் சண்டை போட்டுட்டுப் போகலை. போன்லயே ரெடிமேடா ஆப் எல்லாம் வந்துடுச்சு, அதுக்குப் போயிட்டாங்க. மிச்சம் சலவைக் கூடம் ஒண்ணுதான். ஹோட்டல் விரிப்பு, கிளினிக் கோட்டு, சமையல்காரங்க ஏப்ரன்னு அங்கே மூட்டை மூட்டையா வரும். வந்த உடனே ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு நம்பர் சீட்டு அடிச்சு ஒட்டுவாங்க. அந்த நம்பரைப் பார்த்துத்தான் துவைச்ச துணி உரியவங்களுக்குப் போகும். சீட்டு அடிக்கிறது, கணக்கு வைக்கிறது எல்லாம் எங்க வீட்டம்மா எழுதின ப்ரோகிராம். ஏழு வருஷத்துல ஒரு மூட்டை மாறினதில்லை.

இந்த மாசம் மாற ஆரம்பிச்சது. தினம் இல்லை, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. ஒரு ஹோட்டல் சமையல்காரர் பையைப் பிரிச்சா உள்ளே கிளினிக் கோட்டு. அந்த மனுஷன் அதைப் போட்டுக்கிட்டே போட்டோ எடுத்து அனுப்பிட்டாரு. சலவைக் கூடத்து முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வரலை. "வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் பார்க்கிறேன். அன்னைக்குப் பத்து மணிக்கு ரெடிமேட் கம்பெனிக்காரர் வர்றாரு. எனக்கு வேற வழி இல்லைம்மா"ன்னு சொல்லிட்டாங்க. குரலை உயர்த்தாம சொன்னாங்க, அதுதான் கஷ்டமா இருந்தது.

மூணு வாரம் எங்க வீட்டம்மா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினா. அந்தக் கருவியில ப்ரோகிராமை ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்திப் பார்த்தா. நிறுத்திப் பார்க்கிறப்போ எல்லாம் ஒழுங்கா ஓடும். சலவைக் கூடத்துக்குப் போனா கிளினிக் கோட்டு ஹோட்டலுக்குப் போகும்.

இந்த நேரம் பார்த்து என் மச்சினன் உள்ளே நுழைஞ்சான். அவளோட தம்பி. பெரிய கம்பெனியில பெரிய ஆள், போன்ல பேசினாலே ஏதோ மேடையிலிருந்து பேசற மாதிரி இருக்கும். "அக்கா, அந்தச் சந்தாவைக் கேன்சல் பண்ணு. நாற்பத்தெட்டு வயசுல எதுக்கு இந்தத் தலைவலி? எங்க கால் சென்டர்ல உனக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை சேரணும். ஹெட்போன் மாட்டிக்கிட்டு வர்ற போனுக்குப் பதில் சொன்னா போதும்." நல்லதுக்குத்தான் சொன்னான், அதை நான் மறுக்கலை. ஆனா எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்தது. என்னைவிட அதிகமா அவளைக் கிண்டல் பண்ண யாருக்கும் உரிமை இல்லை.

மறுநாளே அவ கேன்சல் பண்ற பக்கத்தைத் திறந்துட்டா. நான் பின்னாடி நின்னு பார்த்தேன். காரணத்தைச் சொல்லுங்கன்னு நாலு கட்டம். விலை அதிகம். வேறொரு கருவிக்கு மாறிட்டேன். இனி ப்ரோகிராம் எழுதப் போவதில்லை. மற்றவை. அவ விரல் மூணாவது கட்டத்துக்கு மேல போய் நின்னது. அப்புறம் லேப்டாப்பை மூடிட்டுப் போய் ஏற்கெனவே கழுவி வெச்ச பாத்திரத்தையே திரும்பக் கழுவினா.

"வியாழக்கிழமை பத்தியநாள் வருதே, அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே"ன்னேன்.

"கருவி இருந்தே கண்டுபிடிக்க முடியலை. இல்லாமலா கண்டுபிடிக்கப் போறேன்?"

"வழக்கத்தை விட வேண்டாம்னு சொன்னேன்."

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. எட்டு மணிக்கு அவ கருவியை மூடினா. ஒன்பதேகால் தாண்டிச்சு. பத்தரை ஆச்சு. திட்டுற சத்தம் வரலைன்னு நானே போய்ப் பார்த்தேன். அவ திரையைப் பார்க்கவே இல்லை. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு காகிதத்துல எழுதிக்கிட்டிருந்தா. சலவைக் கூடத்துல சீட்டு அடிக்கிற பொண்ணு இந்த மாசம் மாறிப்போன மூட்டைங்க எல்லாம் எத்தனை மணிக்கு வந்ததுன்னு ஒவ்வொண்ணா படிச்சுச் சொல்லிக்கிட்டிருந்தா.

போனை வெச்சுட்டுக் காகிதத்தை என் பக்கம் திருப்பினா. எட்டு மணி ரெண்டு நிமிஷம். எட்டு அஞ்சு. எட்டு பதினொண்ணு. எட்டு எட்டு. ஒண்ணு கூட எட்டேகாலைத் தாண்டலை.

"இத்தனை நாள் ப்ரோகிராமுக்கு உள்ளேயே தலையை விட்டுக்கிட்டு இருந்தேங்க. எத்தனை மணிக்கு நடந்ததுன்னு ஒருத்தரையும் கேட்கலை. எட்டு மணிக்கு அங்கே கூட்டம் நெரியும். போன மாசக் கடைசியிலதான் முதலாளியம்மா ரெண்டாவது கவுண்டர் போட்டாங்க. பத்தே நிமிஷத்துல இணைச்சுக் கொடுத்துட்டேன்னு உங்ககிட்ட வந்து பீத்திக்கிட்டேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்து கொண்டாடினோம்.

"கையைக் கழுவிட்டு வாங்க"ன்னா. "இப்போ நீங்கதான் ரெண்டாவது கவுண்டர்."

பழைய லேப்டாப்பை என் முன்னாடி வெச்சா. அவ பேரு கிளினிக், என் பேரு ஹோட்டல். மூணு எண்ணினதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பட்டனை அழுத்தணும். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவளுக்கு ஒரு நம்பர் வந்தது, எனக்கு அடுத்த நம்பர் வந்தது. மறுபடியும். மறுபடியும். எட்டாவது தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா, "உங்க விரல் தூங்கி எழுந்து பல்லு விளக்கிட்டு வர்றதுக்குள்ள அங்கே மூணு மூட்டை போயிடும்."

"லிஃப்டை ரிப்பேர் பண்ற விரல்டி இது. அவசரப்பட்டா ஆள் போயிடுவான்."

"இங்கே அவசரப்படுங்க."

பன்னிரண்டாவது தடவை அவ திரையில 23. என் திரையிலயும் 23.

அவ மெதுவாக் கணக்குப் பட்டியலைத் திறந்தா. அதுல 23 ஒண்ணுதான் இருந்தது. 23, ஹோட்டல். கிளினிக்கையே காணோம். நான் அவ மேலயே ஏறி உட்கார்ந்து அவளை அழிச்சுட்டேன்.

அவ நாற்காலியில சாய்ஞ்சு சிரிச்சா பாருங்க, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சுக்கிட்டா. ரெண்டு கவுண்டரும் ஒரே நொடியில "கடைசி நம்பர் என்ன?"ன்னு கேட்குது, ரெண்டுக்கும் 22ன்னு பதில் வருது, ரெண்டும் 23ஐ எடுத்துக்குது. ரெண்டாவதா எழுதினவன் முதல்ல எழுதினவனை அழிச்சுடறான். அப்புறம் 23னு ஒட்டின ரெண்டு மூட்டையும் ஹோட்டலுக்குப் போகுது. அவ்வளவுதான் விஷயம்.

"அப்போ அந்தக் கருவியில ஏன் தெரியலை?"ன்னு கேட்டேன்.

"அதுதாங்க வயிறு எரியுது. நான் ஒரு கவுண்டரை நிறுத்தி வெச்சு எட்டிப் பார்த்தேன். ஒண்ணை நிறுத்திட்டா ரெண்டும் எப்படி ஒரே நொடியில மோதும்? நான் பார்க்கப் போனதாலயே அது ஓடி ஒளிஞ்சுக்கிச்சு."

மூணு வாரம். சந்தா கட்டின கருவியே குறுக்கே நின்னு மறைச்சிருக்கு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அதுக்கு ஒரு முகம் இருந்திருந்தா நேர்ல போய்க் கேட்டிருப்பேன்.

நம்பர் கொடுக்கிற வேலையை ஒரே இடத்துக்கு மாத்தினா. ஒருத்தர் வாங்கி முடிக்கிற வரைக்கும் அடுத்தவர் காத்திருக்கணும். எல்லாம் சேர்த்துப் பதினோரு வரி. சிவப்புக் கோடு இல்லை, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் அவளே. அப்புறம் என் விரலை உட்கார வெச்சு அறுபது தடவை அழுத்த வெச்சா. ஒரு தடவை கூட ஒரே நம்பர் வரலை. கடிகாரத்தைப் பார்த்தேன், அஞ்சரை. அஞ்சு மணி போனது ரெண்டு பேருக்கும் தெரியலை.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கே சலவைக் கூடத்துல இருந்தோம். உள்ளே நீராவி, சூட்டுல காயற துணி வாசனை, வாசல்ல தள்ளுவண்டிங்க முட்டி மோதிக்கிட்டு நிக்குது. எங்க வீட்டம்மா காரணத்தை விளக்கினதை முதலாளியம்மா கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டாங்க. எட்டு மணிக்கு ரெண்டு கவுண்டர்லயும் சீட்டு அடிக்கிற சத்தம் ஆரம்பிச்சது. எங்க வீட்டம்மா நகத்தைக் கடிக்கலை, நான்தான் கடிச்சேன். எட்டேகாலுக்கு முதலாளியம்மா கம்ப்யூட்டரை நம்பாம தானே நடந்து போய் மூட்டைங்களை விரல் விட்டு எண்ணினாங்க. அறுபத்தொண்ணு. திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தாங்க. அறுபத்தொண்ணு. ஒவ்வொரு மூட்டையிலயும் சீட்டு நம்பரைப் படிக்கச் சொல்லிப் பேரையும் சரிபார்த்தாங்க. ஒண்ணு கூடப் பிசகலை.

"காரணமும் புரிஞ்சுது, கணக்கும் சரியா வந்திருக்கு"ன்னாங்க. அப்புறம் போனை எடுத்து, "பத்து மணிக்கு நீங்க வர வேண்டாம்"னு யாருக்கோ சொன்னாங்க. வெச்சுட்டு எங்க வீட்டம்மாகிட்ட, "என் தங்கச்சி ரெண்டு கிளை நடத்துறா. அங்கேயும் நீங்களே போட்டுக் கொடுத்துடுங்கம்மா"ன்னாங்க.

வண்டியில ஏறினதும் மச்சினன் கூப்பிட்டான். அவ ஸ்பீக்கர்ல போட்டா. "அக்கா, சேர்ற ஃபாரம் அனுப்பியிருக்கேன், பார்த்தியா?"

"வேற யாருக்காவது கொடுத்துடுடா. எனக்கு ரெண்டு கிளை வந்திருக்கு."

"எப்படிக்கா கண்டுபிடிச்ச?"ன்னு கேட்டான். மேடைக் குரல் இல்லை, சின்ன வயசுல அக்கா பின்னாடியே சுத்தின பையன் குரல். அவ அவனுக்குப் பொறுமையா எல்லாத்தையும் சொன்னா. ரெண்டாவது கவுண்டரா உட்கார்ந்தது யாருங்கிறதையும் சொல்லச் சொன்னேன், சொன்னா.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து கேன்சல் பக்கத்துக்குப் போனா. எனக்குப் பதறிப்போச்சு. இத்தனை வருஷம் வாடகை வாடகைன்னு கத்தினவன் நான்தான். "ஏம்மா, புது வேலை வந்திருக்கே, இப்போ போய் விடலாமா? கட்டிடு, கட்டிடு"ன்னேன்.

"பத்தியம் தாங்கினா சந்தா கிடையாது. அதுதானே பேச்சு? நேத்து அஞ்சு மணி தாண்டிட்டேன். வேணும்னா ஒரு நாள் திரும்ப வாங்கிப்பேன். அது இல்லைன்னா நான் இல்லைன்னு இனிமே பயப்பட மாட்டேன்."

அதே நாலு கட்டம் வந்தது. விரல் இந்தத் தடவை மூணாவது கட்டத்துல நிக்கக்கூட இல்லை, நேரா நாலாவதுக்குப் போச்சு. மற்றவை. கீழே ஒரு காலி இடம், காரணத்தை எழுதுங்கன்னு. யாரும் படிக்கப் போறதில்லைன்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவ நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாம அடிச்சா: "நான் இன்னும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."