நுவா கையால் பிசைந்த பிள்ளை

அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். படித்ததெல்லாம் பைண்டிங்குக்கு வருகிற ஆய்வேடுகளில்தான். அப்படி ஒன்றில் சீனத்துத் தெய்வம் நுவாவைப் பற்றி வந்தது. இடுப்புக்குக் கீழே பாம்பு உடம்பு. உலகத்தில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், ஆற்றோரத்து மஞ்சள் மண்ணைப் பிசைந்து மனிதர்களை ஒவ்வொருவராகச் செய்தாளாம். கை ஓய்ந்ததும் ஒரு கயிற்றைச் சேற்றில் தோய்த்து உதறினாளாம். சிதறிய சொட்டெல்லாம் மனிதர்கள். கையால் செய்யப்பட்டவர்கள் வசதியானவர்கள், சிதறியவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

வீட்டில் போய்ச் சொன்னேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்க கயித்துல செதறுனவருதான். மூக்கைப் பாத்தாலே தெரியுது."

பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டு, "இதை மட்டும் அந்தம்மா கையாலயே புடிக்கட்டுங்க. பொறுமையா" என்றாள்.

ஐயனாருக்கு வேண்டிக்கொண்டிருந்தோம். பிள்ளை பிறந்து முகம் பார்த்த பிறகுதான் மண்பிள்ளை செய்து கோயிலில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் கதை தந்த தெம்பில் நான் முந்திக்கொண்டேன். கடலூர் போகிற வழியில் இருக்கும் குயவரிடம் அப்போதே சொல்லிவைத்தேன். "அவசரப்படாதீங்க மச்சான்" என்றார். நான் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் கடலூர் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது. பெண் பிள்ளை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

"கையில எடுத்தவ ஏங்க கீழ போட்டா?"

 

மாதம் திரும்புவதற்குள், மண்பிள்ளை தயார் என்று குயவர் போன் செய்தார். நடந்தது அவருக்குத் தெரியாது. போக வேண்டாம் என்றேன், மனைவிதான் கிளம்பினாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"சுட்டுட்டீங்களாண்ணே?" என்றாள்.

"நேத்துதான் சூளை பிரிச்சேன் தங்கச்சி."

"பச்சை மண்ணா இருந்தா கரைச்சிருக்கலாம்ல?"

"ஒரு வாளி தண்ணி போதும். இனிமே கரையாது." அவர் என் பக்கம் திரும்பினார். "ஒடைக்கவும் கூடாது மச்சான். இன்னொருத்தருக்கும் குடுக்க மாட்டேன். இங்கயே கெடக்கட்டுமே, நான் பாத்துக்கறேன்."

மனைவி கேட்கவில்லை. தூக்கிக்கொண்டாள்.

சிதம்பரம் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள். மண்பிள்ளையைக் கண்டால் பிள்ளை பிறந்திருக்கிறது என்றுதானே எங்கள் பக்கத்தில் நினைப்பார்கள்? பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "வேண்டுதலா? என்ன புள்ள?" என்றார்.

"பொண்ணு" என்றாள் மனைவி.

"மகாலச்சுமி! யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"அவுங்க அம்மாகிட்டங்க" என்றேன் நான்.

"வெரசா போங்க. பசியில அழுவும்."

அவர் புவனகிரியில் இறங்கும்போது கூடையிலிருந்து ஒரு முழம் மல்லி கிள்ளி, பொம்மையின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். மனைவி சேலைத் தலைப்பை இழுத்து அதை மூடினாள். சிதம்பரத்தில் எல்லோரும் இறங்கி, கண்டக்டர் வந்து இரண்டு தரம் சொன்ன பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.