மவுஸை அசைத்தால் சரியாகிவிடும் சர்வர்

தர்மபுரியில் இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்திருக்கிறேன். என்னை அதிகம் கடுப்பேற்றியது அதியமான்கோட்டை போட்டோகிராபர் குணசேகரன் வீட்டு சர்வர்தான். பழைய டெஸ்க்டாப்பில் நாலு ஹார்டு டிஸ்க் மாட்டி நானே அமைத்துக் கொடுத்தது. அவர் எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். வெளியூரில் இருந்தாலும் லேப்டாப்பில் திறந்து எடுத்துக்கொள்வார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அது நெட்வொர்க்கில் காணாமல் போகத் தொடங்கியது. போன் வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். உட்கார்ந்து மவுஸை அசைத்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

"நீங்க வந்தா மட்டும் நல்ல புள்ளையாட்டம் இருக்குதுங்கண்ணா" என்பார் அவர் மனைவி கவிதா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேபிளை மாற்றினேன். ரவுட்டரை மாற்றினேன், அதை இன்வெர்ட்டர் லைனிலும் கொடுத்தேன். நெட் கனெக்‌ஷன்காரரோடு சண்டையே போட்டேன். நாலு நாளில் மறுபடி அதே போன்.

மாசியில் ஒரு நாள் காலை, ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து குணசேகரன் பேசினார்.

"அண்ணா, போன மாசம் நம்மூர்ல ஒரு கல்யாணம் எடுத்தேனில்லீங்க, அந்தப் பொண்ணோட அப்பா தவறிட்டாருங்க. ஃபிளெக்ஸுக்குப் படம் கேக்கறாங்க. அந்த மனுசன் வேற நல்ல போட்டோவே எடுத்துக்கிட்டதில்லியாம். நாலு மணிக்குத் தூக்கிருவாங்க. சர்வர் கனெக்டே ஆவலீங்கண்ணா!"

டிஸ்க் போயிருந்தால் அந்தப் படமும் போச்சு. கவிதாவுக்குப் போன் போட்டு, "எதையும் தொடாதம்மா, வந்துடறேன்" என்றேன்.

போய்ச் சேர்ந்ததும் ஹெல்மெட்டை வைக்க இடமில்லை. மேசை நிறைய ஆல்பம். கையில் பிடித்தபடி நின்ற அந்த நேரத்தில்தான் சர்வரைத் தொடாமல் முதல்முறையாகப் பார்த்தேன். பவர் லைட் மெதுவாக மினுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் லைட்டே இல்லை.

சர்வர் ஸ்லீப்பில் இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் கவிதா, "கரண்டு போனா இன்வெர்ட்டரு சீக்கிரம் இறங்கிருதுங்கண்ணா" என்று சொன்னார். ஒரு மணி நேரம் வேலையில்லாமல் இருந்தால் ஸ்லீப்புக்குப் போகும்படி அன்றைக்கு நானேதான் செட்டிங் மாற்றினேன். நெட்வொர்க் வழியாக அதை எழுப்பும் செட்டிங்கைப் போடவில்லை. மாற்றியதையே மறந்தும் போனேன். ஒவ்வொரு முறையும் மவுஸை அசைத்து எழுப்பிவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

ஸ்லீப்பை நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் குணசேகரன் ஓசூரிலிருந்தே படத்தை அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் வேறு வேலை முடித்து அந்த வழியாகத் திரும்பும்போது, இறந்தவர் வீட்டு முன்னால் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. மண்டப வாசலில் வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்கும் படம். அந்தப் பெண் அதன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெட் கனெக்‌ஷன்காரரைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

இப்போதெல்லாம் எந்த மெஷினானாலும் முதலில் தொடாமல் பார்க்கிறேன். மாற்றிய செட்டிங்கை ஒரு தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டுகிறேன். குணசேகரன் வீட்டு சர்வரில் ஒட்டிய தாளின் முதல் வரி: "இதைத் தூங்க வைத்தது நான்தான்."