தேநீரில் ஊறாத திராட்சை

மிச்சப் பழக் கேக்கை இந்த வருடம் சின்னவள்தான் செய்யப்போகிறாளாம் என்ற செய்தி மூன்று வாய் மாறி ஆஸ்பத்திரியின் துணி அறைக்கு வந்து சேர்ந்தது. நாத்தனார் அதைத் தன் மாடிக் கட்டடத்து லிஃப்டில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி அதைக் கேட்டுத் தன் அக்காவிடம் சொன்னாள். அந்த அக்கா துணி அறையில் பெரியவளோடு வேலை பார்ப்பவள். படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைத் தான் பிடித்து, மற்ற இரண்டைப் பெரியவளிடம் கொடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் அதைப் போட்டு உடைத்தாள்.

"உங்க வீட்டு கேக்கு இந்தத் தடவை கை மாறுதாமே? நீங்களே விட்டுக் குடுத்துட்டீங்களா?"

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. "எத்தனை வருஷம்தான் நானே செய்றது," என்றாள். வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். விரிப்பு கோணலாக மடிந்திருந்தது. பிரித்து மறுபடி மடித்தார்கள்.

மூத்த மருமகள் என்பதால் குடும்பத்தில் அவளுக்குப் பெரியவள் என்றே பெயர். பதினாறு வருடங்களாக, வருடக் கடைசி விடுமுறை முடிந்த மூன்றாம் நாள், எல்லார் வீட்டிலும் மிஞ்சியது டப்பா டப்பாவாக அவள் வீட்டுக்கு வந்துவிடும். அரைப் பொட்டலம் உலர்திராட்சை, கல்லாகிப்போன பேரீச்சை, யாரும் தொடாத ஆரஞ்சுத் தோல் மிட்டாய், பாட்டில் அடியில் ஒட்டிய ஜாம், உடைந்த வால்நட். அவற்றை வைத்து நீள அச்சில் இரண்டு கேக் சுடுவாள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் எல்லாரும் கூடும்போது கத்தியைப் பிடித்து அறுப்பதும் அவள்தான். தன் துண்டு சின்னதாக இருக்கிறது என்று கொழுந்தன் அளந்து காட்டிச் சண்டை பிடிப்பான். அந்தக் குடும்பத்தில் அவளைவிடப் படித்தவர்கள் உண்டு. நாலு பேர் நடுவில் கலகலவென்று பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த அரை மணி நேரம் மட்டும் பதிமூன்று பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருடம் ஆறு நாளாகியும் ஒரு டப்பாகூட வரவில்லை.

சின்னவள், கொழுந்தனின் மனைவி. மருந்துக் கடையில் வேலை. வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் நாத்தனாரோடு தோளில் கை போட்டு நடக்கிறாள். அந்தத் தோள் தன் பக்கம் சாயப் பெரியவளுக்கு எட்டு வருடம் பிடித்தது. அவள் சிரித்தாலும் இவளுக்கு எரிந்தது, சிரிக்காவிட்டாலும் எரிந்தது.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவனிடம் அன்று மாலை கேட்டுப் பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்த அவன், கேக்கை யார் சுட்டால் என்ன, வயிற்றுக்குள்தானே போகப்போகிறது என்றான். அவள் அதன்பின் அவனோடு பேசவில்லை. அதையே அவன் இரவுச் சாப்பாட்டின்போதுதான் கவனித்தான்.

சனிக்கிழமை மதியம் சின்னவளே ஃபோன் செய்தாள்.

"அக்கா, இந்த திராட்சை, பேரீச்சை எல்லாம் கல்லு மாதிரி கிடக்கு. நீங்க இதை என்னதான் பண்ணுவீங்க?"

பெரியவள் என்ன பண்ணுவாள் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கடுந்தேநீர் போட்டு, கொதிக்கக் கொதிக்க அந்தப் பழங்களின்மேல் ஊற்றி மூடிவைப்பாள். காலையில் ஒவ்வொன்றும் உப்பிப் பளபளவென்றிருக்கும். ஊற வைக்காமல் போட்டால் பழம் மாவின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். கேக் உதிர்ந்துபோகும்.

"ஒண்ணும் பண்ண வேணாம். அப்படியே போடு. கேக்கு வேகும்போது அதுவும் வெந்துரும்."

"தண்ணியிலகூட போட வேணாமா?"

"போட்டா ருசியெல்லாம் இறங்கிடும்."

பொய் இவ்வளவு வழுவழுப்பாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. நல்லவேளை கேட்டேன் அக்கா, சாயந்திரம் ஐந்து மணிக்குச் சுடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சின்னவள் ஃபோனை வைத்தாள்.

அதற்குப் பிறகு பெரியவளுக்கு மனம் லேசானது. துடைத்த அடுப்படியையே மறுபடி துடைத்தாள். நாளைக்குக் கத்தி இறங்கும், கேக் மணல் மாதிரி சரியும், கொழுந்தன் கரிந்த திராட்சையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பான். நாத்தனார் இவளைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை மனதுக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள்.

நாலரை மணிக்கு அந்த நாத்தனாரே வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மடக்கு நாற்காலிகள் வேண்டுமாம்.

"கை எப்படி இருக்கு அண்ணி?"

"எந்தக் கை?"

"மறைக்காதீங்க. விடுமுறையில உங்களால ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க முடியலை. துணியைச் சுத்தித் திறக்கிற மாதிரி நடிச்சீங்களாம். சின்னவ பார்த்திருக்கா."

மீதியை நாத்தனார் நாற்காலிகளைத் தூசி தட்டிக்கொண்டே சொன்னாள். அக்காவுக்குத் தெரிந்தால் வலியோடு நானே கிளறுகிறேன் என்று நிற்பார்கள், அதனால் டப்பாக்களை என்னிடம் கொடுங்கள் என்று வீடு வீடாகப் போய் வாங்கியது சின்னவள்தான். சுடுவது மட்டும் நான், அறுப்பது அக்கா என்றும் சொல்லியிருக்கிறாள்.

பெரியவளுக்கு முதலில் வந்தது நன்றி அல்ல. நல்லவளாக இருப்பதிலும் அவள் முந்திக்கொண்டுவிட்டாளே என்றுதான் வயிறு எரிந்தது. தன் மணிக்கட்டைப் பற்றி ஊரே பேசியிருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை.

"அவளுக்கு ஒரே பயம் அண்ணி. நல்லா வரலைன்னா என்ன பண்றதுன்னு நேத்தெல்லாம் தூங்கலை. இப்பதான் நிம்மதியா இருக்கா. அக்கா எல்லாம் சொல்லிக் குடுத்துட்டாங்க, அப்படியே செய்யப்போறேன்னு எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிட்டிருக்கா."

எல்லாருக்குமா என்று கேட்டாள். எல்லாருக்கும்தான் என்றாள் நாத்தனார்.

நாற்காலிகளை லிஃப்டில் ஏற்றிவிட்டு வந்தபோது மணி நாலு ஐம்பத்தைந்து. சின்னவள் இன்னும் மாவு கலக்காமல் இருந்தால் போதும். கொதிக்கிற தேநீரில் ஒரு மணி நேரம் கிடந்தால்கூடப் பழம் இளகிவிடும். என்னவென்று சொல்வது? மறந்துவிட்டேன் என்றா? பதினாறு வருடம் செய்ததை மறந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே சொன்னேன் என்று சொல்ல நாக்கு எழுமா? பயந்தது சின்னவளுக்காகவா, நாளைக்குத் தன் பெயர் சந்தி சிரிக்கும் என்பதற்காகவா என்று அவளுக்கே பிடிபடவில்லை. எதுவானாலும் முதலில் சின்னவள் ஃபோனை எடுக்க வேண்டும்.

அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி போனது. போய்க்கொண்டே இருந்து தானாக நின்றது. மாவுக் கையோடு இருப்பாள். யாராவது கொண்டுபோய்க் காதில் வைக்கக்கூடாதா? மறுபடி அழுத்தினாள். வலித்த கையிலிருந்து ஃபோனை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"யாருக்கு இப்படி விடாம அடிக்கிற?" என்றான் கணவன், கூடத்திலிருந்து.

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.